கொழுப்புவெட்டிகள் வந்த குளிர்காலம்

நவம்பர் 9, வியாழன்

காற்று தெற்கு, மெல்லியது. பெரிய தீவுக்குப் பின்னால் இரண்டு சுருக்குவலைப் படகுகள் நிற்கின்றன. சில்ட் மீன் ஆழத்தில் கிடக்கிறது, மேலே ஏறவில்லை என்று ஒருவன் மற்றவனிடம் முறைப்பாடு சொன்னான்.

இப்படித்தான் எழுத வேண்டுமாம். என் பேத்தி ஜெசிந்தா இந்தக் கொப்பியைக் கையில் தந்து, "அப்பம்மா, ரேடியோவில மீன்பிடிக்காரர் கதைக்கிறதை எழுதி வையுங்கோ. எனக்கு அது காணும்" என்றாள். சில்ட் என்பது நம் ஊர்ச் சூடைக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி, கொஞ்சம் பெரிது. குளிர்காலத்தில் அது கூட்டமாக இந்த வட நோர்வேக் கடலுக்குள் வருகிறது. அதைத் தின்ன ஓர்க்கா என்கிற கறுப்பு வெள்ளைத் திமிங்கிலங்கள் வருகின்றன. அந்த ஓர்க்காக்களைத் தண்ணீருக்கு அடியில் படம் பிடிக்க என் பேத்தி வந்திருக்கிறாள். தெற்கே படம் எடுக்கப் படித்த பிள்ளை. இருபத்திரண்டு வயது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்து நண்டு நடந்த மாதிரி இருக்கும். ஆனால் இந்தத் தீவின் மீன் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் நின்று மீன் வெட்டினேன். ரேடியோவில் கிழவன்கள் வாய்க்குள் மீனை வைத்துக்கொண்டு கதைப்பதுபோல் கதைக்கிற பேச்சு, பல்கலைக்கழகம் போன ஜெசிந்தாவுக்கு விளங்காது. எனக்கு விளங்கும். இங்கே ஓர்க்காவுக்குக் கொழுப்புவெட்டி என்று பெயர். அதையும் நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

அவள் போகப்போகிற படகு அல்போன்ஸுடையது. முதல் பக்கத்திலேயே அவன் பெயரை எழுத வேண்டி வந்துவிட்டது.

நவம்பர் 10, வெள்ளி

வடமேற்குக் காற்று. ஒரு படகும் வெளியே போகவில்லை. மருமகள் வதனி வைத்த சொதியில் உப்பில்லை. கல்யாணம் முடித்து வந்த வாரமும் இப்படித்தான் வைத்தாள்.

நவம்பர் 12, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் என் மகன் சீலன் ஒரு சட்டியில் சோறும் கறியும் போட்டு, துணியால் கட்டி, அல்போன்ஸ் வீட்டுக்குக் கொண்டுபோனான். ஒவ்வொரு ஞாயிறும் இது நடக்கிறது. என் புருஷனைக் கடலில் விட்டுவிட்டு வந்தவனுக்கு என் அடுப்பில் கொதித்த கறி.

எழுதிவிடுகிறேன். எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம், இரண்டாம் செவ்வாய். என் புருஷன் சவிரிமுத்து ஊரில் சங்கு குளிக்கிறவர். இடுப்பில் கயிறு கட்டி இறங்குவார். கயிற்றின் மறுமுனை படகில் இருக்கும். அன்று படகில் இருந்தது இரண்டு பேர். ஒருவன் அல்போன்ஸ், இருபத்து நான்கு வயது. மற்றது சீலன், ஒன்பது வயது. அழுது அடம்பிடித்து அப்பாவோடு போனான். பத்து மணிபோல கடற்படையின் ரோந்துப் படகு ஒன்று சுட்டுக்கொண்டு வந்தது. அல்போன்ஸ் எஞ்சினை இழுத்து ஓடிவந்து கரை சேர்ந்தான். சவிரிமுத்து மூன்றாம் நாள் கரை ஒதுங்கினார். இடுப்பில் இரண்டு பாகம் கயிறு, இரண்டு ஆள் நீளம், மிச்சம் இருந்தது. அதன் நுனியை நான் விரலால் தடவிப் பார்த்தேன். தானாக அறுந்த கயிறு பிரிந்து தும்பாகத் தொங்கும். இது கத்தியால் அறுத்த கயிறு.

"அண்ணை மேல வரேல்ல அக்கா. பாத்துக்கொண்டு நிண்டனான். வரேல்ல. பிறகுதான் கயிறை விட்டிட்டு வந்தனாங்கள்" என்று அல்போன்ஸ் அன்று சொன்னான். இன்றும் அதையே சொல்கிறான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலடியில் நடந்து திரிந்த மனிதர் மேலே வராமல் இருப்பாரா? வந்திருப்பார். இவன் பார்த்திருப்பான். பார்த்தும் ஓடியிருப்பான். அதை அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு முன் நான் சாக மாட்டேன். பிறகு ஆண்டவர் என்னை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

உலகத்தில் இவ்வளவு இடம் இருக்க, தொண்ணூற்றொன்றில் அகதியாக வந்து இதே தீவில் இறங்கினான். சீலன் அவனைச் சித்தப்பா என்கிறான். வெட்கங்கெட்ட பிறவி.

சட்டியோடு திரும்பி வந்தவனிடம் கேட்டேன்.

"உன்ர அப்பரைக் கட்டின மாதிரி என்ர பேத்தியையும் அவன்ர கயித்தில கட்டப் போறியோ?"

"அம்மா, அவரைவிடக் கவனமான ஆள் இந்தத் தீவில இல்லை."

"கவனமான ஆள்தான். தன்ர உயிரில."

"காணும் அம்மா."

"அப்ப நானும் படகில வாறன்."

"எழுபத்து மூண்டு வயசில? இந்தக் குளிருக்குள்ளயோ?"

"இருபத்தேழு வருசம் ஐஸுக்குள்ள நிண்டனான். உன்ர வயித்துக்குத்தான் நிண்டனான்."

சட்டியைக் கழுவப் போய்விட்டான். அவனுக்கு எப்போதும் பேச்சு அவ்வளவுதான். அந்த மாசிக்குப் பிறகு இரண்டு மாதம் வாயே திறக்காத பிள்ளை.

நவம்பர் 17, வெள்ளி

காற்று இல்லை. குளிர் பூச்சியத்துக்குக் கீழே எட்டு.

நான் பிடிவாதமாக வந்து ஏறிய இந்தப் படகில் வேலை இப்படி நடக்கிறது. சுருக்குவலைப் படகு வலையை இழுக்க வின்ச் போடும்போது ஒரு கிரீச்சல் சத்தம் வரும். அந்தச் சத்தம் தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் போகுமோ தெரியாது, ஓர்க்காக்கள் கேட்டுவிடும். சாப்பாட்டு மணி அடித்த பள்ளிக்கூடம்போல ஓடிவரும். எந்தப் படகு எப்போது வலை இழுக்கப்போகிறது என்று ரேடியோவில் நான் கேட்டுச் சொல்வேன். அல்போன்ஸ் வலைக்குக் கிட்டப் போகாமல், ஓர்க்காக்கள் வருகிற வழியில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பான்.

ஜெசிந்தா தண்ணீர் புகாத கறுப்பு உடுப்புப் போடுகிறாள். அதன் சிப் முதுகில், ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு. போட்டவள் தானே பூட்ட முடியாது, இன்னொருவர் இழுக்க வேண்டும். "அப்பம்மா, கடைசி மட்டும் இழுக்கோணும். ஒரு விரல் இடம் விட்டாலும் கடல் உள்ளுக்கு வந்திடும்" என்று மூன்று தரம் சொன்னாள். என்ன, எனக்குச் சிப் பூட்டத் தெரியாதா?

அல்போன்ஸும் அப்படி ஒன்று போடுகிறான், அவசரத்துக்கு இறங்க. அவனும் வந்து முதுகைத் திருப்பினான்.

"அக்கா, எனக்கும். மெல்ல, சதையையும் சேத்துப் பூட்டிப் போடாதேங்கோ."

"உனக்கு எங்கையடா சதை? எல்லாம் என்ர வீட்டுக் கறி."

சிரித்தான். பற்கள் பாதி இல்லை. பூட்டினேன், கடைசி மட்டும்.

பதினொரு மணிக்கு வந்தன. சூரியன் மலைக்கு மேலே ஏறாமல், விளிம்பில் முகத்தைக் காட்டிவிட்டுப் போகிற நேரம். முதலில் மூச்சு கேட்டது, லொறி டயரில் காற்றுப் போகிற மாதிரி. பிறகு கறுப்புச் செட்டைகள். ஆண் ஓர்க்காவின் முதுகுச் செட்டை அல்போன்ஸை நிமிர்த்தி வைத்த உயரம் இருக்கும். பன்னிரண்டு எண்ணினேன். ஜெசிந்தா கமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல் வழுக்கி இறங்கினாள். அவள் இடுப்பிலிருந்து வந்த கயிற்றை அல்போன்ஸ் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தான்.

மேலே வந்தபோது பிள்ளையின் உதடு நீலம், வாய் நிறையச் சிரிப்பு. கீழே நடப்பதைச் சொன்னாள். ஓர்க்காக்கள் சில்ட் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு பந்தாக உருட்டுமாம். பிறகு ஒன்று வாலால் அடிக்கும். அடிபட்டு மயங்கியதை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்னும். படகைச் சுற்றிச் சில்ட் தலைகள் மிதந்தன. தலையை விட்டுவிட்டு உடம்பை மட்டும் தின்கிற மாப்பிள்ளைச் சாப்பாடு. குட்டி ஒன்று ஒரு கடல் வாத்தைப் பிடித்து எறிந்து எறிந்து விளையாடியது. தின்னவில்லை. வாத்து செத்த பிறகும் விளையாடியது.

"பாவம்" என்றான் அல்போன்ஸ்.

அவன் வாயில் அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு எரிந்தது.

நவம்பர் 26, ஞாயிறு

சூரியன் போய்விட்டது. இனித் தை நடுவில்தான். மத்தியானம் இரண்டு மணித்தியாலம் நீலமாக ஒரு வெளிச்சம் இருக்கும். சீலன் கறி கொண்டுபோனான்.

நவம்பர் 28, செவ்வாய்

ஜெசிந்தா அழுதாள். தெற்கே இருக்கிற படக்காரர்கள், அவள் எடுத்தது எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் இப்படி எல்லோரும் எடுக்கிறார்கள் என்று எழுதிவிட்டார்களாம். கீழேயிருந்து மேலே பார்த்த படம் வேண்டுமாம். ஓர்க்காக்கள் வட்டமாகச் சுற்றும்போது அந்த வட்டத்துக்குள்ளாகத் தெரிகிற வெளிச்சம். அது கிடைத்தால் படத்தை வாங்குவார்கள், அவளை வேலைக்கும் எடுப்பார்கள். இல்லாவிட்டால் இல்லை. அதற்கென்று பிள்ளை கீழே போனால் ஓர்க்காக்கள் விலகிவிடுகின்றன. சில்ட் போய்விட்டால் ஓர்க்காவும் போய்விடும். தை பிறக்கும்வரைதான் நேரம்.

அல்போன்ஸ்தான் வழி சொன்னான். கமராவை ஒரு கயிற்றில் கட்டி, ஈயக்கட்டி போட்டு, நாலு பாகம் ஆழத்தில் மேலே பார்த்தபடி தொங்கவிட வேண்டும். படகு நிற்கிற நேரம் எல்லாம் அது தானாக ஓடிக்கொண்டிருக்கும். வருகிறது வரட்டும்.

கயிறு கட்டுகிற யோசனை அவனுக்கு நன்றாக வரும்.

டிசம்பர் 4, திங்கள்

தென்கிழக்குக் காற்று. ஐந்து ஓர்க்காக்கள், தூரத்தில். தொங்கு கமராவில் வெறும் தண்ணீர்.

ஜெசிந்தா தண்ணீரில் இருந்தாள். நானும் அவனும் மட்டும் மேலே. பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கவில்லை. கயிற்றிலிருந்து கையை எடுக்க மாட்டானாம். நான் கேட்டேன்.

"அவர் மேல வந்தவரோ இல்லையோ?"

"அக்கா, பிள்ளை தண்ணிக்குள்ள. இப்ப கதை வேண்டாம்."

"ஓமெண்டு சொல்லு. இல்லையெண்டு சொல்லு. கதையே வேண்டாம்."

"வரேல்ல."

"என்ர கண்ணைப் பாத்துச் சொல்லு."

"பிள்ளையைப் பாக்கிறன் அக்கா."

"நான் செத்தாலும் இதைத்தானே சொல்லுவாய்."

"நீங்கள் சாகமாட்டியள். முதல்ல என்னை அனுப்பிப் போட்டுத்தான் வருவியள்."

எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. கன்னத்தைக் கடித்துக்கொண்டேன். அவன் மணிக்கட்டில் கயிறு உராய்ந்து தோல் உரிந்து கிடந்தது. என்னைப் பார்க்கச் செய்யத்தான் கையுறையைக் கழற்றி வைத்திருக்கிறான் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 8, வெள்ளி

புயல். ரேடியோவில் சத்தமில்லை. மாதா பெருநாள். மருமகள் ரோல்ஸ் சுட்டாள், பரவாயில்லை. தொழிற்சாலையில் என்னோடு நின்ற கிறேத்தெ வந்து மூன்று ரோல்ஸ் தின்றாள். தொண்ணூற்றெட்டில் என் பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பித் தந்தவள்.

டிசம்பர் 13, புதன்

காற்று இல்லை. கடல் எண்ணெய் மாதிரி.

ஜெசிந்தாவுக்குக் காதுக்குள் குத்து, வாந்தியும் எடுத்தது. மருந்து குடித்துவிட்டுப் படகின் அறைக்குள் போய்ப் படுத்து நித்திரையானாள். தொங்கு கமராவின் கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. அல்போன்ஸ் தான் இறங்கி எடுக்கிறேன் என்றான், அரை நிமிட வேலையாம். சிப்பைப் பூட்டிவிட்டேன். ஏணியால் இறங்கினான். ஏணிப் படியில் பனிக்கட்டி பிடித்திருந்தது. தட்டிவிடலாம் என்று ஏணியைத் தூக்கினேன். திரும்பக் கொளுவ என் விரலுக்கு வலு வரவில்லை. கொஞ்ச நேரம் போய்விட்டது. அவனுடைய உடுப்புக்குள் தண்ணீர் போய்விட்டது. பிறகு ஜெசிந்தா வெளியே வந்து ஏணியைப் போட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். படகுக்குள் விழுந்தவனுக்கு நெஞ்சு நின்றுவிட்டது. ஜெசிந்தா நெஞ்சில் அமத்தினாள். ஹெலிகொப்டர் வந்தது.

உயிர் இருக்கிறது என்று சாயங்காலம் சீலன் வந்து சொன்னான்.

டிசம்பர் 14, வியாழன்

பொலிஸ்காரர் ஒருவர் தொலைபேசி எடுத்தார். இஞ்ஞாசியம்மா சவிரிமுத்து என்ற என் பெயரைச் சொல்லி முடிக்க அந்த மனிதருக்கு அரை நிமிடம் போனது. நேற்று எழுதியதை அப்படியே சொன்னேன். அல்போன்ஸும் ஆஸ்பத்திரியில் கண் திறந்தவுடன் அதையே சொல்லியிருக்கிறானாம், ஏணி வழுக்கிவிட்டது என்று. வயது போன ஆட்களைப் படகில் வேலைக்கு வைப்பது பிழை என்றார் பொலிஸ்காரர். மன்னிப்பும் கேட்டார், என் மனம் நோகும் என்று.

நோகவில்லை.

டிசம்பர் 16, சனி

மத்தியானம் நான் மீன் துப்பரவாக்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. ஜெசிந்தா கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"கையைக் கழுவிப் போட்டு வாங்கோ அப்பம்மா."

"என்ன படம்?"

"தொங்கு கமரா. அண்டைக்கு முழுக்க ஓடிக்கொண்டுதான் இருந்தது."

பார்த்தேன். கீழேயிருந்து மேலே பார்க்கிற படம். படகின் அடிப்பாகம் ஒரு பெரிய இலை மாதிரிக் கறுப்பாக இருந்தது. அதைச் சுற்றி மத்தியான நீலம். அல்போன்ஸ் ஏணியால் வருகிறான், விசிறியிலிருந்து கயிற்றை எடுக்கிறான், ஏணிக்குத் திரும்புகிறான். கையை வைக்கிறான். அந்த நேரம் ஏணி மேலே போகிறது. ஒரே இழுப்பில் போகிறது. பனிக்கட்டி தட்டுகிறவள் அப்படி இழுக்க மாட்டாள்.

அவன் கால்கள் அடித்துக்கொள்கின்றன. முதுகிலிருந்து முத்து முத்தாகக் காற்று வெளியே போகிறது. சிப்பின் ஓரத்திலிருந்து.

பிறகு அவை வந்தன. முதலில் ஒரு தாயும் குட்டியும், பின்னால் பெரிய ஆண். இன்னும் நாலு. அவன் கால்களுக்குக் கீழே வட்டமாகச் சுற்றின. வட்டத்துக்கு நடுவில் வெளிச்சம், வெளிச்சத்தில் அவன். குட்டி கிட்டப் போனது. தாய் தன் உடம்பை நடுவில் விட்டுத் தடுத்துக் கூட்டிக்கொண்டு போனது. பெரிய ஆண் அவன் காலுக்கு நேர் கீழே செங்குத்தாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. கடலில் இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்தப் படக்காரர்கள் கேட்டது இதைத்தான் என்று எனக்கே விளங்கியது.

"கொலைகார மீன் எண்டு எல்லாரும் சொல்லுகினம்" என்றாள் ஜெசிந்தா. "அதுகள் ஒண்டும் செய்யேல்ல அப்பம்மா. ஏணி மட்டும்தான் மேல போகுது."

"என்ர கை விறைச்சுப் போச்சு பிள்ளை."

"ஏழு நிமிசம் இருபது செக்கன். நான் எண்ணினனான். என்னை ஏன் கூப்பிடேல்ல? பத்தடியில படுத்திருந்தனான்."

நான் கையைத் திரும்பவும் துடைத்தேன்.

"அவரிட்டை என்ன கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள்?"

"ஆர் கேட்டது?"

"அப்பம்மா, உங்களை எனக்குத் தெரியும். கேட்டிருப்பியள்."

பிறகு அவள் என் முன்னாலேயே அதை அழித்தாள். பிரதி எடுத்து இன்னொரு பெட்டியில் வைத்திருந்ததையும் அழித்தாள். அவளுடைய வேலை, அவளுடைய குளிர்காலம் முழுதும் அதில்தான் இருந்தது.

"உங்களுக்காக எண்டு நினைக்காதேங்கோ. அப்பாவுக்காக. இதை அவர் பாக்கக் கூடாது" என்றாள்.

மீன் காய்ந்துபோய்விட்டது. பூனைக்குப் போட்டேன்.

டிசம்பர் 20, புதன்

ரேடியோவில் நாலு படகு. வடக்கே போகின்றன. எழுதி வைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

சரி. சிப்பில் ஒரு விரல் இடம் விட்டேன். தெரிந்துதான் விட்டேன். கொல்ல இல்லை. குளிர் உள்ளே போனால் பொய் வெளியே வரும் என்று நினைத்தேன். எழுபத்து மூன்று வயதுக்காரிக்குக் கனமில்லாத அலுமினிய ஏணி, ஒரு கையால் தூக்கலாம். தூக்கிவிட்டு விளிம்பில் குனிந்து, "இப்ப சொல்லு" என்றேன்.

"அக்கா, ஏணி" என்றான்.

"மேல வந்தவரோ இல்லையோ?"

"உடுப்புக்குள்ள தண்ணி அக்கா."

"அவருக்கு உடுப்பே இல்லையடா."

படகின் ஓரத்தைப் பிடிக்கப் பார்த்தான். பிடி இல்லை. விரலால் வழித்துக்கொண்டு கீழே போனான், மேலே வந்தான். ஜெசிந்தாவைக் கூப்பிட வாயைத் திறந்தவன் கூப்பிடவில்லை. அது எனக்கு இன்னும் விளங்கவில்லை. கூப்பிட்டிருக்கலாம்.

முப்பத்தேழு வருஷம் நான் காத்திருந்தேன். அவன் ஏழு நிமிடம்தான்.

கடைசியில் சொன்னான். சொன்னதை இன்று எழுத மாட்டேன்.

டிசம்பர் 25, திங்கள்

பாலன் பிறப்பு. கோயிலுக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. அந்தப் போலந்துச் சாமியாருக்கு நான் பேசுகிற பேச்சு விளங்காது.

டிசம்பர் 27, புதன்

ஜெசிந்தா ஒரு வெள்ளைக்காரப் பெடியனின் படகில் போகிறாள். காலையில் கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனேன். அவள் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் அங்க போய்ப் பூட்டுவிக்கிறன் அப்பம்மா."

சிப் திறந்தபடியே பனிக்குள் நடந்து போனாள்.

டிசம்பர் 31, ஞாயிறு

அல்போன்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். இனிக் கடலுக்குப் போகக் கூடாதாம். படகை விற்கப்போகிறான். சீலன் இரண்டு சட்டி கொண்டுபோனான். அவன் வழியில் போய்க்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. அல்போன்ஸ். குரல் தகரத்தைச் சுரண்டுவதுபோல இருந்தது.

"அக்கா, சுகமோ?"

"இருக்கிறன்."

"அண்டைக்கு நான் சொன்னதை மறந்திடுங்கோ."

"எனக்கு ஆரும் மறக்கச் சொல்லித் தர வேண்டாம்."

"அப்ப சொல்லாமல் எண்டாலும் இருங்கோ. அவன் வாறான் போல கிடக்கு, வைக்கிறன்."

ஏணியைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 3, புதன்

ரேடியோவில் ஒரே ஒரு குரல். சில்ட் போய்விட்டது, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றது. ஜெசிந்தாவுக்கு அந்தப் படம் கிடைக்கவில்லை. பெட்டி அடுக்குகிறாள். வேலை கிடைக்காது, வேறு ஏதாவது பார்ப்பேன் என்று வதனியிடம் சொல்கிறாள். என்னிடம் உப்பு எங்கே, துவாய் எங்கே என்று மட்டும் கேட்கிறாள்.

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் என் வாய் தானாகத் திறந்துவிடும்.

அல்போன்ஸ் தண்ணீருக்குள் நின்று சொன்னது இது.

"வந்தவர் அக்கா. மேல வந்தவர். படகுக்கு மூண்டு பாகம் இருக்காது. கையை நீட்டினவர். நான் பின்னால எஞ்சினில. கயிறு முன்னால, சீலனிட்டை. நான் இழு இழு எண்டு கத்தினனான். சூடு வந்து விழுந்துகொண்டிருந்தது. பிள்ளை பயந்து போனான் அக்கா. சங்கு சுரண்டுற கத்தி அவன்ர கையில இருந்தது. அறுத்துப் போட்டான். அறுத்துப் போட்டு, ஓடு சித்தப்பா ஓடு சித்தப்பா எண்டு என்ர காலைக் கட்டிப் பிடிச்சான். அண்ணை அதைப் பாத்தவர். கையை நீட்டினவர், பிறகு அதே கையால போ எண்டு காட்டினவர். நான் ஓடினனான். ஒன்பது வயசு அக்கா. அவனுக்குச் சொல்லிப் போடாதேங்கோ, எனக்குத் தெரியுமெண்டு அவனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சால் செத்துப்போவான்."

இவ்வளவையும் ஒரு மூச்சில் சொல்லவில்லை. பல் அடித்துக்கொண்டு, விட்டு விட்டு, தண்ணீர் விழுங்கி விழுங்கிச் சொன்னான். அவன் சொல்லத் தொடங்கியதும் நான் ஏணியைப் போட்டிருக்கலாம். போடவில்லை. முழுவதும் கேட்க வேண்டும் என்று நின்றேன். கேட்டு முடிந்த பிறகும் நின்றேன். ஜெசிந்தா வந்திராவிட்டால் எவ்வளவு நேரம் நின்றிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

ஜனவரி 6, சனி

ஜெசிந்தா போய்விட்டாள். விமான நிலையத்துக்கு நான் போகவில்லை, இடமில்லை என்றார்கள். ஐந்து பேர் போகிற காரில் மூன்று பேர் போனார்கள்.

ஜனவரி 7, ஞாயிறு

பூசை முடிந்து சீலன் வந்தான். வதனி தாய்க்குத் தொலைபேசி எடுக்க மேலே போய்விட்டாள். நான் சட்டியில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். எப்போதும் அவன்தான் போடுவான், இன்று நான் போட்டேன். அதை அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அம்மா."

"என்ன?"

"சித்தப்பா அண்டைக்குத் தண்ணிக்குள்ள நிண்டு ஏதும் சொன்னவரோ?"

கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன். நாற்பத்தாறு வயது. சீனி வருத்தம். முன் தலையில் மயிர் இல்லை. கைகள் இரண்டையும் காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தான், அவை அங்கேயும் சும்மா இருக்கவில்லை. சவிரிமுத்துவின் அதே தாடை. அந்தக் கைகளை நான் பார்த்தேன். எனக்குத் தாலி கட்டிய மனிதர் கை நீட்டியதைப் பார்த்த கண்களைப் பார்த்தேன். "நீதானேடா" என்ற முதல் சொல் நாக்கில் நின்றது, உப்புக் கரித்தது.

"என்னத்தைச் சொல்லுவான்? குளிருது எண்டான்" என்றேன்.

"வேற ஒண்டும்?"

"ஏணி எண்டான். ஏன், வேற என்ன கிடக்கு சொல்ல?"

"இல்லை, சும்மா கேட்டனான்."

அவன் தோள் இரண்டும் கீழே இறங்கியதைப் பார்த்தேன். கதிரையில் உட்கார்ந்தான். ஒரு கோப்பையில் சோறு போட்டு, சூடை மாதிரியே பொரித்த சில்ட் நாலு வைத்துக் கொடுத்தேன். தின்றான். முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்து வைத்துத் தின்றான். தின்று முடியும்வரை நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியுமா தெரியாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. இருக்கட்டும்.

பிள்ளைப் பாசத்தில் சொல்லாமல் விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் விடவில்லை, வைத்திருக்கிறேன். நாளைக்குச் சொல்லலாம், பெரிய வெள்ளிக்குச் சொல்லலாம், வதனி உப்பில்லாமல் என் முன்னால் ஒரு சொதி வைக்கட்டும், அன்றைக்கே சொல்லலாம். இப்போது எனக்கு அவசரம் இல்லை. அல்போன்ஸ் முப்பத்தேழு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தவன். அவனுக்கு நான் தோற்பதா?